திருநாள் மீனும் தனிக் கிண்ணமும்

எங்கள் ஊருக்கு ஒரே தெருதான். ஒரு பக்கம் வீடுகளும் வெங்காயப் பாத்திகளும், மறுபக்கம் பெய்ப்சி ஏரி. தெருவின் நடுவில் ஜெபவீடு. அதற்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைத் திறந்தால் சின்னதாக ஒரு முன்கூடம். அங்கே காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுத்தான் உள்கதவைத் திறந்து போக வேண்டும். அந்த முன்கூடத்தில்தான் சினோவி பல வருஷம் நின்றார். ஜெபம் தொடங்குமுன் வந்து, எல்லோரும் போன பிறகு போவார். உள்கதவைத் தாண்டி ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

அவர் ஷூக்கா பிடிப்பவர். பட்டணத்து மீன்கடைகளில் அதையே பைக் மீன் என்று எழுதி வைத்திருப்பார்கள். வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், உள்பக்கம் சாய்ந்த பற்கள், பச்சை உடம்பில் வெளிறிய புள்ளிகள். நாணலுக்குள் கட்டை மாதிரி அசையாமல் கிடக்கும். பிறகு ஒரே பாய்ச்சல். மற்ற ஆண்கள் கூட்டாகப் பெரிய வலை போட்டு, கிடைத்ததை அள்ளி வருவார்கள். சினோவிக்கு அந்தக் கூட்டம் ஒத்துவராது. சின்னப் படகு ஒன்று, சறுக்கு வண்டி ஒன்று, ஒரு கடப்பாரை, அவ்வளவுதான் அவருடைய சொத்து.

பக்கத்து வீட்டுக்காரி என்பதால் அவரையும் அவர் மனைவி லுகேரியாவையும் நான் தினமும் பார்த்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் என் வெங்காயம், அந்தப் பக்கம் லுகேரியா அக்காவின் வெங்காயம். ஜெபவீட்டில் பெண்கள் வரிசையில் நின்று பாடும்போதும் அவருக்கு அடுத்த இடம் எனக்கு.

தவக்காலத்தில் எங்களுக்கு மீன் கிடையாது. இடையில் இரண்டே நாள் அனுமதி உண்டு. ஒன்று குருத்தோலை ஞாயிறு, மற்றொன்று தேவதூதர் மாதாவிடம் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள். அன்று ஜெபம் முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் பெரிய பானையில் மீன் சாறு வைத்து ஊரே சேர்ந்து சாப்பிடும். வாரக்கணக்கில் முட்டைக்கோசும் பட்டாணியும் தின்ற வாய்க்கு அந்தச் சாறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தத் திருநாள் வருவது ஏரிப் பனி கெட்டுப்போகிற நேரத்தில். மேலே பார்த்தால் வெள்ளையாக இருக்கும், உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்திருக்கும். வலைக்காரர்கள் அப்போது ஏரியில் இறங்க மாட்டார்கள். சினோவி இறங்குவார். முட்டை சுமந்த ஷூக்காக்கள், ஆற்றுப் பனி உடையட்டும் என்று ஆற்று முகத்துவாரத்தில் பனிக்கு அடியில் வந்து கூடி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு வருஷம், திருநாளுக்கு முந்தின நாள், முகத்துவாரத்துக்கு ரொம்ப நெருங்கிப் போய்விட்டார். அங்கே ஆற்றுத் தண்ணீர் அடியிலிருந்து பனியை அரிக்கும் என்பது தெரியாதவர் அல்ல. அதுவரை கிடைத்த மீன்கள் பானைக்குப் போதவில்லை, அதுதான் காரணம். பனி உடைந்து உள்ளே விழுந்தார். அவரைக் கண்டது ஆர்வெட் என்கிற எஸ்தோனியர். அவர்களுக்கு வேறு சபை, வேறு ஜெபம். கரையில் நாணல் அறுத்துக்கொண்டிருந்த மனிதர், நாணல் கட்டு ஏற்றும் நீளக் கழியோடு பனிமேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய், அதைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் போட்டார். தன் குடிசைக்குத் தூக்கிப்போய் நனைந்த துணியை எல்லாம் உரித்துவிட்டு, தான் பாதி சாப்பிட்டு வைத்திருந்த பால் கஞ்சியை எடுத்தார். சினோவியின் விரல்கள் மடங்கவில்லை. ஆர்வெட் கிண்ணத்தை அவர் வாயருகே பிடித்தார். சினோவி மிச்சம் வைக்காமல் குடித்தார்.

வெளியார் கிண்ணத்தில் எங்கள் ஆட்கள் சாப்பிடுவதில்லை. தாத்தா பாட்டன் காலத்தில் விசுவாசத்துக்காக ஊரைவிட்டு ஓடி வந்து எஸ்தோனியர் நாட்டில் இந்தக் கரையில் ஒதுங்கியவர்கள் நாங்கள். கிண்ணத்தைக் காப்பாற்றித்தான் ஜெபத்தைக் காப்பாற்றினார்கள். யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால், சபை முன்னால் நின்று, “பாவம் செய்தேன், கிறிஸ்துவுக்காக மன்னியுங்கள்” என்று சொல்ல வேண்டும். தலைவர் சொல்கிற அளவுக்குத் தரை தொட்டு வணங்க வேண்டும். அதுவரைக்கும் ஜெபத்தில் சேர முடியாது. வீட்டிலும் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி; அதில் சாப்பிடுகிறவருக்கும் அதே விதி. அந்த வார்த்தையைச் சொல்லாமலே ஒருவர் இறந்துபோனால் அவருக்குப் பாட்டு இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் குடும்ப வரிசையில் இடம் இல்லை, வேலி ஓரம்தான்.

சினோவி அந்தக் கஞ்சியைக் குடித்ததை எங்கள் ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை அவரே ஜெபவீட்டு முன்கூடத்தில் நின்று தலைவர் நிக்கனோரிடம் சொன்னார். சினோவி பிடித்து வைத்திருந்த மீன்களை ஆர்வெட் சறுக்கு வண்டியோடு கொண்டுவந்து ஊர் எல்லையில் விட்டுப் போயிருந்தார்.

நிக்கனோரும் சினோவியும் ஒரே வயது. இளவயதில் சேர்ந்து படகு கட்டியவர்கள். நிக்கனோர் பிற்பாடு சபையால் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நல்ல மனிதர், குரல்தான் கொஞ்சம் கட்டை.

“உயிர் போற நேரத்துல நடந்தது, விதி லேசாத்தான் இருக்கும்,” என்றார். “சபை முன்னால அந்த ஒரு வார்த்தையச் சொல்லிடு. கொஞ்ச நாள் வணக்கம். முடிஞ்சுது.”

“வணக்கம் எத்தனை வேணும்னாலும் செய்றேன். அந்த வார்த்தை வராது, நிக்கனோர்.”

“ஏன் வராது?”

“தண்ணிக்குள்ள இருந்து ஆண்டவரே காப்பாத்துன்னு கூப்பிட்டேன். அவர் அனுப்பினது அந்த ஆளையும் அந்தக் கிண்ணத்தையும். அதை வாங்கிக்கிட்டது பாவம்னு நான் எப்படி அவர்கிட்டயே போய்ச் சொல்றது?”

நிக்கனோர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, அப்படியானால் நீ முன்கூடத்தில்தான் நிற்க வேண்டும் என்றார். சினோவி சரி என்று சொல்லி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டார். அன்று அவர் பிடித்த மீன்தான் பானையில் வெந்தது. சமைக்காத பச்சை மீனை யார் கொடுத்தாலும் வாங்கலாம், அதற்குத் தடை இல்லை. சாறு வைத்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தது லுகேரியா அக்காதான். சினோவி வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மரக்கிண்ணத்தில் தன் பங்கைச் சாப்பிட்டார்.

அதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு ஓரமாக அந்தக் கிண்ணத்துக்கென்று ஒரு தனிப் பலகை. அக்கா அதை வேறு தண்ணீரில் கழுவி, வேறு துணியில் துடைத்து வைப்பார். ஒரே மேசையில் இரண்டு முனையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. எங்கள் பெண்கள் வழக்கப்படி அக்கா அவரை அவர் அப்பா பெயரால் ஒசிப்பிச் என்றுதான் கூப்பிடுவார்.

“ஒசிப்பிச், உன் ஷூக்காவுக்குக்கூட உன்னைவிட மண்டைல கொஞ்சம் இடம் இருக்கும்.”

“அதுக்கு வாய்தான் பெருசு. உன்னை மாதிரி.”

இப்படிப் பேசிச் சிரிப்பார்கள். ஆனால் வெங்காயப் பாத்தியில் தனியாக இருக்கும்போது அக்கா என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். கல்லறையில் தன் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. அதில் தான் மட்டும் போய்ப் படுத்து, இந்த மனுஷன் வேலி ஓரம் பாட்டு இல்லாமல் கிடப்பதா? அந்த நினைப்பு வந்தால் தூக்கம் வருவதில்லை என்பார். ஒரு வார்த்தை, மெலானியா, ஒரே ஒரு வார்த்தை, என்பார். சினோவியிடமும் கெஞ்சிப் பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். அவர் கோபப்படவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை.

கோடையில் விடியும் நேரத்தில் படகில் போவார். தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் பழைய சமோவாரின் பித்தளை மூடியை வெட்டித் தட்டிச் செய்த ஒரு தகடு, அதன் நுனியில் தூண்டில் முள். நாணல் விளிம்பை ஒட்டித் துடுப்பு போட்டுக்கொண்டே தகட்டைப் பின்னால் இழுத்து வருவார். தண்ணீருக்குள் அது சின்ன மீன் மாதிரி மினுங்கும். ஒரு ஷூக்கா கிடந்த இடத்திலிருந்து அதை எடுத்துவிட்டால், சில நாளில் வேறொன்று வந்து அதே இடத்தில், அதே பக்கம் தலை வைத்துக் கிடக்குமாம். நல்ல இடத்தை அவை காலியாக விடுவதில்லை என்பார். அந்தக் கரையில்தான் ஆர்வெட்டும் நாணலைப் பார்க்க வருவார். இரண்டு பேருக்கும் மற்றவர் பாஷை அரைகுறை. கையை உயர்த்திக்கொள்வார்கள். சினோவி ஒரு மீனைப் படகிலிருந்து கரைக்கு எறிவார். ஆர்வெட் ஒரு கட்டு நாணலைப் படகில் போடுவார்.

வெங்காயம் பறித்துப் பின்னல் போட்டுத் தொங்கவிடும் இலையுதிர் காலத்தில் ஷூக்கா கொழுத்திருக்கும். குளிர் வரப் போகிறது என்று கண்டதையும் விழுங்கும். அப்போது அவர் நீளக் கயிற்றில் முள்களைக் கட்டி, உயிரோடு சின்ன மீன்களைக் கோர்த்து ஆழத்தில் இறக்குவார். அக்கா வெங்காயப் பின்னலோடு அந்த மீனையும் தார்த்து நகரச் சந்தைக்குக் கொண்டுபோவார். ஏரி உறைந்த பிறகு கடப்பாரையால் குழி தோண்டி, ஒவ்வொரு குழி மேலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை வளைத்து வைப்பார். மீன் கவ்வினால் குச்சி நிமிரும். வெள்ளை ஏரியில் அந்தச் சிவப்பு நிமிர்வதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். அவர் கம்பளி பூட்ஸோடு தடதடவென்று ஓடுவதையும் பார்க்கலாம்.

பனி உருகி ஆற்றோரப் புல்வெளிகளில் தண்ணீர் ஏறியதும் ஷூக்காக்கள் முழங்கால் ஆழத்துக்கு வந்து முட்டையிடும். முதுகு வெளியே தெரியும். ஊர் ஆட்கள் ஈட்டியோடு இறங்கிக் குத்துவார்கள். சினோவி மட்டும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், கல்யாண வீட்டுக்குள் புகுந்து ஆளைத் தூக்க முடியுமா என்பார். திருநாளுக்கு முட்டை மீனைப் பிடிக்கிறாயே என்று யாரோ மடக்கியபோது, அது மாதாவுக்கு, அவள் என்னை மன்னிப்பாள், உன்னைச் சொல்ல முடியாது என்றார்.

தவக்காலம் தொடங்குமுன் வருகிற ஞாயிறு எங்களுக்கு மன்னிப்பு ஞாயிறு. ஒருவர் காலில் ஒருவர் விழுந்து மன்னிப்புக் கேட்போம். அன்று உள்கதவைத் திறந்து வைப்பார்கள். சினோவி முன்கூடத்திலிருந்தபடியே ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்குவார். உன் ஆட்டைத் திட்டினேன் என்பார். நிக்கனோரைப் பார்த்து, நீ பாடும்போது சிரிப்பை அடக்கினேன் என்பார். எல்லாவற்றையும் சொல்வார், கிண்ணத்தை மட்டும் சொல்ல மாட்டார். பேதுருவுக்கு மோட்சத்துச் சாவி, சினோவிக்குக் கதவு என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் அதைக் கேட்டு, சாவிக்காரரும் கதவுப் பக்கத்தில்தானே நிற்க வேண்டும், துணை இருக்கிறது என்றார்.

இப்படியே போயிருக்கும். ஒரு குளிர்காலத்தில் லுகேரியா அக்கா வயிற்று வலி என்று படுத்தார். நகரத்து வைத்தியர் கட்டி என்றார், ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். சினோவி கடப்பாரையை மூலையில் சாத்திவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அக்காவுக்கு எதுவும் இறங்கவில்லை. மன்னிப்பு ஞாயிறுக்கு முந்தின நாள் காலையில் மட்டும் சினோவி ஏரிக்குப் போய் நடுத்தர ஷூக்கா ஒன்று கொண்டுவந்தார். அன்று இன்னும் மீனுக்கு அனுமதி உண்டு. நான் சாறு வைத்தேன். படுக்கைத் துணி மாற்ற நான் அங்கேயே இருந்தேன்.

சினோவி கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து, கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நாளைக்கு அந்த வார்த்தையச் சொல்லிடறேன், லுகேரியா.”

இத்தனை வருஷமாக அக்கா கேட்டது அதைத்தான். முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். அது வரவில்லை. பிறகு சாறு கேட்டார். சினோவி எழுந்து அக்காவின் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தார்.

“இதுல வேண்டாம். உன்னோடதுல ஊத்து.”

“அது வேண்டாம்மா.”

“ஊத்து, ஒசிப்பிச். இத்தனை வருஷம் அந்தக் குளிர்ல நின்னே. ஒரு பொய் சொல்லிட்டு வெதுவெதுன்னு உள்ள போயிருக்கலாம், போகல. இப்ப எனக்காகப் போய்ச் சொல்லிட்டு, அப்புறம் யார் முகத்துல முழிப்ப? அந்த ஆர்வெட் முகத்துல முழிப்பியா?”

அவர் கிண்ணத்தை முக்காலியில் வைத்தார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னார்.

“எனக்கு வரிசைல இடம் வேண்டாம். நீ எங்கேயோ நான் அங்கே. வேலி ஓரத்துல ஏரிக்காத்து நல்லா வரும்.”

சினோவி அடுப்பு ஓரப் பலகையிலிருந்து தன் மரக்கிண்ணத்தை எடுத்தார். சாற்றை அதற்கு மாற்றினார். அக்காவால் பிடிக்க முடியவில்லை. அவரே வாயருகே பிடித்தார். அக்கா கொஞ்சம் குடித்தார், உதட்டைத் துடைத்துக்கொண்டார், மெலானியா உப்புக் கம்மியாய்ப் போட்டிருக்கிறாள் என்று என்னைக் குறை சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாதாவை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சினோவி முன்கூடத்தில் எல்லோரையும் வணங்கி, வழக்கம்போல எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வழக்கம்போல கிண்ணத்தை மட்டும் சொல்லாமல் திரும்பினார். அந்த வாரமே நிக்கனோர் அக்காவைப் பார்க்க வந்தார். அக்கா எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நிக்கனோர் கேட்டார். அக்கா அடுப்புப் பக்கம் பார்த்தார். ஒரே பலகையில் இரண்டு கிண்ணங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. இல்லை என்றார் அக்கா. நிக்கனோரும் அந்தப் பலகையைப் பார்த்தார்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம் அக்கா ஆண்டவரிடம் போனார். நான் குளிப்பாட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தபோது நிக்கனோர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

“அவ அந்தக் கிண்ணத்துல குடிச்சாளா?”

“குடிச்சாங்க ஐயா. நான் பக்கத்துல இருந்தேன்.”

அவர் ஏரியைப் பார்த்தார். தாடியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பெட்டியை ஜெபவீட்டுக்குள் கொண்டுபோக முடியாது என்றார். எனக்கும் அது தெரியும். அப்படியே போய்விட்டார். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பாடிய அக்காவுக்கு என் வாயால் ஒரு பாட்டு இல்லையா என்று அழுதேன்.

மறுநாள் காலை ஜெபவீட்டுக்குப் போனால் முன்கூடத்தில் இரண்டு முக்காலிகள் போட்டிருந்தன. பெட்டியை அதன்மேல் வைக்கச் சொன்னார் நிக்கனோர். தலைமாட்டில், எப்போதும் நிற்கும் இடத்தில், சினோவி நின்றார். நாங்கள் உள்ளே போனோம். நிக்கனோர் உள்கதவை அகலத் திறந்து வைத்தார். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாதாவின் சின்னத் திருவுருவப் படத்தை வெளிக்கதவுக்கு மேலே, உள்பக்கத்தில், ஆணியில் மாட்டினார். பிறகு புத்தகம் வைக்கும் மேடையைத் தானே தூக்கி, நாங்கள் எப்போதும் பார்த்து ஜெபிக்கும் கிழக்கிலிருந்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

முதியவர் ஒருவர் எழுந்து, இது எந்த முறையில் இருக்கிறது என்று கேட்டார்.

“அவளை உள்ள கொண்டுவரக் கூடாதுன்னு இருக்கு. கொண்டுவரல,” என்றார் நிக்கனோர். “நாம எந்தப் பக்கம் திரும்பி ஜெபிக்கணும்னு மாதா இருக்கிற பக்கம் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். மாதா அங்கேதான் இருக்கா.”

முதியவர் மெதுவாகத் திரும்பினார். பிறகு எல்லோரும் திரும்பினோம். வாசலைப் பார்த்துப் பாடினோம். திறந்த கதவு வழியாகக் குளிர் வந்து மெழுகுவர்த்திகள் சாய்ந்து எரிந்தன. வாயிலிருந்து ஆவி பறந்தது. நிக்கனோரின் கட்டைக் குரல் அன்று நடுநடுவே நின்று நின்று வந்தது. சினோவி சிரிக்கவில்லை.

வரிசையில் அக்காவுக்காக விட்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டு, வேலி ஓரம் அடக்கம் செய்தோம். அடுத்தாற்போல இன்னொருவருக்கு இடம் விட்டோம். மண் கல்லாக உறைந்திருந்தது. முந்தின மாலையே ஆர்வெட் கடப்பாரையோடு வந்து, சினோவியோடு சேர்ந்து தோண்டி வைத்திருந்தார். அடக்கத்தின்போது வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வருஷம் மங்கள வார்த்தைத் திருநாளுக்கு மீன் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும் பானையில் முட்டைக்கோசு போடத் தயாராக இருந்தேன். முந்தின நாள் பிற்பகல் தெருவில் சறுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. சினோவிதான். முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, கெட்டியான பனியில் விடிந்ததிலிருந்து நின்று பிடித்திருக்கிறார். ஆர்வெட்டின் நீளக் கழி வண்டியில் கட்டியிருந்தது. மீன்களைக் கூடத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உப்புப் பார்த்துப் போடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திருநாளன்று ஜெபம் முடிந்தது. நான் சாற்றை ஊற்றிக்கொடுத்தேன். சினோவி தன் மரக்கிண்ணத்தோடு வெளிப்படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். நிக்கனோர் மேசையில் தன் இடத்தில் உட்காரவில்லை. தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதே படிக்கட்டின் மறு முனையில், ஒரு ஆள் உட்காருகிற இடைவெளி விட்டு உட்கார்ந்தார். திறந்த கதவு வழியாக அவர்கள் முதுகு தெரிந்தது.

நிக்கனோர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

“சாறு நல்லா இருக்கு. லுகேரியா வெச்ச மாதிரியே இருக்கு.”

“தவக்காலத்துல பொய் சொல்றே, நிக்கனோர்.”

“ஆமா,” என்றார் நிக்கனோர். “ஆண்டவர் மன்னிக்கணும்.”

ஷூக்காவுக்கு முள் அதிகம். இருவரும் தலையைக் குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.